ஆட்டம் நின்றது; ஆதார் எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நாடு முழுவதும் தடை விதிக்கும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதையொட்டி பெரிய ரம்மி, போக்கர், ஃபேன்டசி கிரிக்கெட் செயலிகள் பண ஆட்டங்களை நிறுத்தின. ரம்மியால் குடும்பங்கள் நொடித்துப்போனதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த தமிழ்நாட்டில் இதற்காக நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் ஏராளம். ஆனால் அந்தச் செயலிகளில் கணக்குத் தொடங்குவதற்காக நம் மக்கள் கொடுத்த ஆதார், பான், செல்ஃபி, வங்கிக் கணக்கு எண், இருப்பிட விவரம் எல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன என்ற கேள்வி, தடைச் செய்திகளுக்கு அடியில் புதைந்துபோயிற்று. அதைத் தோண்டி எடுக்கவே இந்தக் கடிதம்.

தமிழ்நாட்டு அரசுக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. இணைய ரம்மி போன்ற ஆட்டங்களை ஆராய்ந்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அதையடுத்து வந்த மாநிலச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதன்கீழ் அமைந்த தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட விதிகள், 18 வயதுக்குக் குறைந்தவர்களைத் தடுத்தன. நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை ஆட்டத்தை மூடின. ஆதார் எண்ணையும் ஓடிபியையும் கொண்டு கே.ஒய்.சி. (ஆடுபவர் யார் என்ற அடையாளம்) சரிபார்ப்பதைக் கட்டாயமாக்கின. ஆதார் கட்டாயம் தனியுரிமைக்கு எதிரானது என்று நிறுவனங்கள் வாதாடின. தனியுரிமை எல்லையற்ற உரிமை அல்ல, மக்களின் நலனுக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம் என்று கூறி, சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3 அன்று அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது.

விதியின் நோக்கத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சிறுவனை ஆட்டத்தில் சேர்க்காமல் இருக்க வயதைச் சரிபார்க்கத்தான் வேண்டும். ஆனால் தீர்ப்பு வந்து மூன்று மாதம் முடிவதற்குள் அந்த ஆட்டமே இல்லாமல் போய்விட்டது. ஆதாரை எதற்காக வாங்கினார்களோ அந்தத் தேவை முடிந்துவிட்டது. வாங்கு என்று கட்டளையிட்ட அரசுக்கு, வேலை முடிந்ததும் அழி என்று கட்டளையிடும் கடமையும் உண்டு.

ஒரு ரம்மி செயலியிடம் ஒருவரைப் பற்றி என்னென்ன சேர்ந்திருக்கும் என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வது நல்லது. பெயரும் கைபேசி எண்ணும் பிறந்த தேதியும் மேலோட்டமானவை. ஆதார் பொதுவாக மூன்று வழிகளில் போயிருக்கும். எண்ணைத் தட்டி ஓடிபி கொடுத்திருப்பார்கள். அல்லது அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாக அனுமதித்திருப்பார்கள். அல்லது அட்டையின் இரண்டு பக்கங்களையும் படம் பிடித்து ஏற்றியிருப்பார்கள். இந்த மூன்றும் ஒரே அளவு ஆபத்து அல்ல. டிஜிலாக்கர் வழியில் பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் போகும். எண்ணில் கடைசி 4 இலக்கம் மட்டுமே தெரியும். படம் பிடித்து ஏற்றியவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். 12 இலக்கமும் முகமும் முகவரியும் ஒரே படத்தில் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். கசிந்தால் அந்தப் படத்தை அப்படியே எடுத்து வேறொரு இடத்தில் அடையாளச் சான்றாகக் காட்ட முடியும்.

பான் எண் போனதற்குக் காரணம் வரிச் சட்டம். வருமான வரிச் சட்டத்தின் 194பிஏ பிரிவின்படி 2023 ஏப்ரல் 1 முதல், இணைய விளையாட்டில் கிடைத்த நிகர வெற்றித் தொகையில் 30 சதவீதத்தை நிறுவனமே டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) ஆகப் பிடித்துக் கட்ட வேண்டியிருந்தது. ஜெயித்த பணத்தை எடுப்பதற்காக வங்கிக் கணக்கு எண்ணோ யுபிஐ முகவரியோ கொடுத்திருப்பார்கள். அட்டையிலுள்ள முகமும் ஆடுபவரின் முகமும் ஒன்றா என்று ஒப்பிடச் செல்ஃபி எடுத்திருப்பார்கள்.

இருப்பிடம் கேட்டதற்கும் ஒரு காரணம் இருந்தது. தெலங்கானா 2017-லும் ஆந்திரப் பிரதேசம் 2020-லும் பண ஆட்டங்களுக்குத் தடை விதித்தன. ஆடுபவர் அந்த மாநிலங்களில் இல்லை என்று உறுதிசெய்ய ஜிபிஎஸ் தேவைப்பட்டது. அதனால் செயலியைத் திறக்கும்போதெல்லாம் ஆடுபவர் நிற்கும் இடம் பதிவாக வாய்ப்பிருந்தது. இரண்டு பேர் கூட்டுச்சேர்ந்து மூன்றாமவரை ஏமாற்றுகிறார்களா என்று கண்டுபிடிக்க ஐபி முகவரி (இணைய இணைப்பின் அடையாள எண்), வைஃபை, கைபேசியின் அடையாள எண் ஆகியவற்றையும் ஒப்பிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கு ஒரு நியாயம் இருந்தது. இன்றைக்கு அந்த நியாயங்களில் எதுவும் மிச்சமில்லை.

எனக்கு இவற்றையெல்லாம்விட அதிகக் கவலை தருவது ஆட்ட வரலாறு. எந்த நாளில் எத்தனை மணிக்கு எவ்வளவு பணம் போட்டார், தோற்றதும் எத்தனை நிமிடத்தில் மறுபடி போட்டார், சம்பளம் வரும் வாரத்தில் எவ்வளவு, மாதக் கடைசியில் எவ்வளவு, போனஸ் தருகிறோம் என்று குறுஞ்செய்தி வந்தால் திரும்பி வருகிறவரா என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் இருக்கும். தன்னைக் கட்டுப்படுத்த முடியாமல் ஆடியவர்கள் யார் என்பதை அவர்கள் வீட்டாரைவிட அந்தச் சர்வர் நன்றாக அறியும். அந்தப் பட்டியல் கைபேசி எண்ணோடு சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து இயங்கும் சட்டவிரோத பந்தயத் தளத்தின் கையிலோ கடன் செயலியின் கையிலோ கிடைத்தால், மீண்டு வர முயல்கிறவரைத் தேடிப் பிடித்து இழுக்க வேறெதுவும் தேவையில்லை. ஆதார் எண் கசிந்தால் கைரேகை, கருவிழி போன்ற பயோமெட்ரிக்கைப் பூட்டிவைக்க வழி உண்டு. ஒருவரின் பலவீனம் கசிந்தால் அதைப் பூட்டும் வழி எதுவும் இல்லை.

மேலும், இவையெல்லாம் அந்த நிறுவனத்திடம் மட்டும் இருப்பதில்லை. கே.ஒய்.சி. சரிபார்க்கும் நிறுவனம், பணப் பரிமாற்ற நிறுவனம், குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம், விளம்பரத்தின் பலனை அளக்கும் நிறுவனம், வாடிக்கையாளர் சேவையைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனம் என்று ஒரு செயலிக்குப் பின்னால் பலர் இருப்பார்கள். இணைய விளையாட்டு ஆடுபவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் தளத்தில் 2025 அக்டோபரில் வெளிவந்த கசிவு இப்படித்தான் நடந்தது. வயதை நிரூபிப்பதற்காகப் பயனர்கள் அனுப்பிய அரசு அடையாள அட்டைப் படங்கள், ஏறத்தாழ 70,000 பேருடையவை, வாடிக்கையாளர் சேவையைப் பார்த்துவந்த வெளி நிறுவனத்தின் வழியாகக் கசிந்தன. வயதைச் சரிபார்த்து முடித்த பிறகும் அந்தப் படங்கள் இருந்ததுதான் கோளாறு. சரிபார்த்ததும் அழித்திருந்தால் திருட அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. தரவுப் பாதுகாப்பு வாரியம் தொடர்பான பகுதி உடனே நடைமுறைக்கு வந்தது. நமக்கு வேண்டிய பகுதிகள், அதாவது சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, அழிக்கச் சொல்வது, கசிவை வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அறிவிப்பது போன்றவை, அறிவிக்கை வந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் வரும்படி வைக்கப்பட்டன. விளையாட்டுத் தளங்களுக்கென்று இந்த விதிகளின் மூன்றாம் அட்டவணையில் தனியாகவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. இந்தியாவில் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் பதிவுசெய்த பயனர்களைக் கொண்ட விளையாட்டு நிறுவனம், ஒரு பயனர் 3 ஆண்டு எட்டிப் பார்க்காவிட்டால் அவருடைய தகவலை அழிக்க வேண்டும். அதற்கு 48 மணி நேரம் முன்பு அவருக்குச் சொல்ல வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 3 ஆண்டு எங்கிருந்து தொடங்குகிறது? பயனர் கடைசியாக அணுகிய நாள், விதிகள் தொடங்கிய நாள் இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து. எந்த வகையில் கூட்டிப் பார்த்தாலும் 2028 நவம்பருக்கு முன்பு இந்த அட்டவணை யாரையும் எதையும் அழிக்கக் கட்டாயப்படுத்தாது. 50 லட்சம் பயனர் இல்லாத சிறிய ரம்மி செயலிகளுக்கு அட்டவணையே பொருந்தாது. பாதுகாப்பில் பணம் செலவழிக்க வழியின்றி வருமானம் நின்றுபோன நிறுவனங்கள்தான் அதிகம் கசியும். ஊழியர்கள் வேலையை விட்டுப் போவார்கள், சர்வரைப் புதுப்பிக்க ஆள் இருக்காது, நிறுவனம் கைமாறும். வாங்குகிறவருக்கு அதில் மிச்சமிருக்கும் மதிப்புள்ள சொத்தே பயனர் பட்டியல்தான்.

ஆனால் 2027 வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பழைய சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன்கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகளும் புதிய சட்டத்தின் அந்தப் பகுதி வரும்வரை நீடிக்கும். அந்த விதிகளில் 5(4), தேவைக்கு மேல் தகவலை வைத்திருக்கக் கூடாது என்கிறது. 5(7), கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறலாம் என்கிறது. 5(9), நிறுவனம் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் இணையதளத்தில் வெளியிட வேண்டும், அவர் ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும் என்கிறது. இதில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. கடவுச்சொல், வங்கிக் கணக்கு, கார்டு விவரம், முக அடையாளம் உள்ளிட்ட பயோமெட்ரிக் ஆகியவை அந்த விதிகள் கூடுதல் பாதுகாப்புக்குரியவை என்று வகுத்த தனிப்பட்ட தகவல் பட்டியலில் வரும். ஆட்ட வரலாறு வராது. ஆகவே அதையும் சேர்த்து அழிக்கும்படி வெளிப்படையாக எழுதிக் கேட்க வேண்டும்.

கணக்கு வைத்திருந்தவர்கள் செய்ய வேண்டியவற்றை வரிசை மாறாமல் செய்ய வேண்டும். பலர் கோபத்தில் முதலில் செயலியை நீக்கிவிடுகிறார்கள். அது கைபேசித் திரையிலிருந்து செயலியின் சின்னத்தை எடுப்பது மட்டும்தான். சர்வரில் இருப்பது அப்படியே இருக்கும். உள்ளே நுழையும் வழியை இழப்பதுதான் மிச்சம்.

முதலில் கணக்கில் மீதிப் பணம் இருந்தால் எடுத்துவிட வேண்டும். பத்து ரூபாய் இருந்தாலும், தீராத கணக்கு இருக்கிறது என்பதே தகவலை வைத்திருக்க நிறுவனத்துக்கு ஒரு சாக்காகிவிடும். அடுத்து, போட்ட பணம், எடுத்த பணம், பிடித்த வரி ஆகியவற்றின் அறிக்கையை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனியாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும், வருமான வரித் தளத்திலுள்ள 26ஏஎஸ் படிவத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். கணக்கு அழிந்த பிறகு வரித்துறை விளக்கம் கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. யுபிஐ செயலியில் ஆட்டோபே (தானாகப் பணம் பிடிக்கும் அனுமதி) பகுதிக்குப் போய், அந்த நிறுவனத்தின் பெயரில் ஏதாவது அனுமதி இருந்தால் ரத்து செய்துவிடலாம். இவை முடிந்த பிறகுதான் கடிதம்.

பதிவுசெய்த அதே மின்னஞ்சலிலிருந்து குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். இப்படி எழுதினால் போதும்: "எனது பதிவுக் கைபேசி எண் இது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் வெளியான 2011 விதிகளின் 5(7) விதிப்படி, நான் அளித்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். என் ஆதார் விவரம், அட்டைப் படம், செல்ஃபி, இருப்பிடப் பதிவு, கைபேசி அடையாள எண்கள், ஆட்ட வரலாறு ஆகியவற்றை அழிக்கவும். நீங்கள் பகிர்ந்த வெளி நிறுவனங்களின் பெயர்களைத் தெரிவித்து, அவர்களிடமும் அழிக்கச் செய்யவும். சட்டப்படி எதையாவது வைத்திருக்க வேண்டுமானால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதி வரை என்று எழுதவும். விளம்பரக் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், தொலைபேசி அழைப்பு எதற்கும் என் எண்ணைப் பயன்படுத்த வேண்டாம்."

கடைசிக்கு முந்தைய வரிதான் இதில் முக்கியமானது. பான் எண்ணையும் வெற்றித் தொகை, டிடிஎஸ் கணக்கையும் வரிச் சட்டம் கேட்கும் காலம் வரை அவர்கள் வைத்திருக்கத்தான் வேண்டும். அதை அழிக்கச் சொல்லி வாதாடுவது வீண். ஆனால் சட்டம் கேட்கிறது என்ற பொதுவான பதிலை ஏற்றுக்கொள்ளக் கூடாது. வரிக்கணக்குக்கு செல்ஃபி தேவையில்லை. இருப்பிடப் பதிவும் தேவையில்லை.

பதில் வரும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கும். அடையாளத்தை உறுதிசெய்ய ஆதார் நகலை மறுபடி அனுப்புங்கள் என்பார்கள். அனுப்பக் கூடாது. பதிவுசெய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பி உறுதிசெய்துகொள்ளச் சொல்லுங்கள். அழிக்கக் கேட்பதற்காகப் புதிதாக ஆவணம் கொடுப்பது எந்த வகையிலும் பொருந்தாது. தவிர்க்கவே முடியாவிட்டால், ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்திலிருந்து கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரவிறக்கி, எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று அதன் மேலேயே குறுக்காக எழுதி அனுப்பலாம். இன்னொரு எச்சரிக்கை: மூடப்பட்ட செயலியின் மீதிப் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று யாராவது அழைத்து ஓடிபியோ யுபிஐ பின்னோ கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் வாங்க யுபிஐ பின் (PIN) எண் ஒருபோதும் தேவைப்படாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழைக்க வேண்டும்.

மைஆதார் தளத்தில் சரிபார்ப்பு வரலாறு என்ற பகுதி இருக்கிறது. கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதாரை யார், எந்த நாளில், எந்த வகையில் சரிபார்த்தார்கள் என்று அது காட்டும். 6 மாதத்துக்கு முந்தையது தெரியாது என்பதால் அவ்வப்போது பார்த்துப் படம் எடுத்து வைப்பது நல்லது. அதே தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டும் வசதியும் இருக்கிறது. டிஜிலாக்கரிலும் எந்த ஆவணம் யாருக்குப் போனது என்ற நடவடிக்கைப் பதிவைப் பார்க்கலாம்.

ஒரு மாதம் கழித்தும் பதில் வராவிட்டால், நினைவூட்டல் ஒன்று அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். நிறுவனத்தின் அலட்சியத்தால் தகவல் கசிந்து நஷ்டம் ஏற்பட்டிருந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தீர்ப்பளிக்கும் அதிகாரியான மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கோரலாம். இந்த அதிகாரம் நம் மாநிலத் தலைமைச் செயலகத்திலேயே இருப்பது பலருக்குத் தெரியாது.

ரம்மி செயலிகளில் இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு. பண ஆட்டங்களை கூகுள் பிளே ஸ்டோர் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 2022 செப்டம்பரில் சோதனை முயற்சியாகத்தான் சிலவற்றுக்கு இடம் கொடுத்தது. ஆகவே பெரும்பாலோர் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தோ குறுஞ்செய்தியில் வந்த இணைப்பிலிருந்தோ ஏபிகே எனப்படும் நிறுவல் கோப்பாக இறக்கினார்கள். பிளே ஸ்டோரில் உள்ள செயலிகள் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியை எளிதில் கேட்க முடியாது. கணக்கை அழிக்கும் வசதியை உள்ளேயே தர வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. வெளியிலிருந்து இறக்கிய செயலிக்கு இந்த இரண்டு கட்டுப்பாடும் இல்லை. கைபேசி அமைப்புகளில் அந்தச் செயலியின் அனுமதிகளைத் திறந்து, குறுஞ்செய்தி, தொடர்புகள், இருப்பிடம் மூன்றையும் மறுத்துவிட்டு, பிறகு நீக்குங்கள். அறியப்படாத செயலிகளை நிறுவும் அனுமதி உலாவிக்குத் தரப்பட்டிருந்தால் அதையும் அணைத்துவிட வேண்டும். அது திறந்தே கிடந்தால் அடுத்த மோசடிச் செயலி அதே வழியாக வரும்.

பண ஆட்டத்தோடு விஷயம் முடியவில்லை. பிள்ளைகள் ஆடும் இலவச விளையாட்டுகளிலும் இதே கதைதான். அங்கே பணத்துக்குப் பதில் விளம்பரம். கைபேசியில் விளம்பர அடையாள எண் என்று ஒன்று இருக்கிறது. விளையாட்டின் நடுவில் ஒரு விளம்பரம் தோன்றுவதற்கு முன்னால் நடக்கும் மின்னல்வேக ஏலத்தில் இந்த எண், ஐபி முகவரி, கைபேசி மாடல், செயலியின் பெயர், சில சமயம் இருப்பிடம் ஆகியவை ஏலம் கேட்கும் பல நிறுவனங்களுக்குப் போகின்றன. ஏலத்தில் தோற்றவர்களும் அதைப் பார்த்துவிடுகிறார்கள். 2025 ஜனவரியில் கிரேவி அனலிட்டிக்ஸ் என்ற அமெரிக்க இருப்பிடத் தரவு நிறுவனத்திலிருந்து கசிந்த கோப்புகளில் கேண்டி கிரஷ், டெம்பிள் ரன், சப்வே சர்ஃபர்ஸ் போன்ற பெயர்கள் இருந்தன. விளையாட்டை உருவாக்கியவர்களுக்கே தெரியாமல் இந்த ஏல வழியாகத் தகவல் போயிருக்கலாம் என்பதுதான் அதில் கவலைக்குரியது.

இதை அடைப்பது எளிது, இரண்டு நிமிட வேலை. ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் கூகுள் அல்லது தனியுரிமைப் பகுதியில் விளம்பரங்கள் என்பதைத் திறந்து, விளம்பர அடையாள எண்ணை நீக்கு என்பதை அழுத்த வேண்டும். அதன் பிறகு செயலிகளுக்கு வெறும் பூஜ்யங்கள்தான் கிடைக்கும். ஐபோனில் தனியுரிமைப் பகுதியில் பின்தொடர்தல் என்பதற்குள் போய், செயலிகள் அனுமதி கேட்பதையே அணைத்துவிடலாம். இதனால் விளம்பரம் நிற்காது, ஆளை அடையாளம் காண்பது கடினமாகும். ஐபி முகவரி இன்னும் போகத்தான் செய்யும்.

விளையாட்டுக் கணக்கை அழிப்பதில் இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று விருந்தினர் கணக்கு. பெயர் பதியாமல் ஆடிய பிள்ளையின் கணக்கு கைபேசியோடு மட்டும் கட்டப்பட்டிருக்கும். செயலியை நீக்கிவிட்டால் அந்தக் கணக்கு உங்களுடையது என்று நிரூபிக்க வழியில்லை; நிறுவனமும் அழிக்க மறுக்கும். விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் இருக்கும் பயனர் எண்ணைக் குறித்துக்கொண்டு, உள்ளிருந்தபடியே அழிக்கக் கேட்க வேண்டும். இரண்டாவது, காத்திருப்புக் காலம். பல விளையாட்டுகள் அழிப்புக் கோரிக்கையைச் சில நாட்களோ சில வாரங்களோ நிறுத்திவைக்கும். அதற்குள் ஒரு முறை உள்ளே நுழைந்தாலும் கோரிக்கை ரத்தாகிவிடும். பிள்ளை வேறொரு கைபேசியில் திறந்து பார்த்தால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆகவே கூகுள் கணக்கிலும் ஃபேஸ்புக்கிலும் இணைக்கப்பட்ட செயலிகள் பட்டியலுக்குப் போய் அந்த விளையாட்டின் தொடர்பையும் துண்டித்துவிட வேண்டும்.

தடை போட்டால் தகவலும் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. பப்ஜி மொபைலை மத்திய அரசு 2020 செப்டம்பரில் தடுத்தது. ஃப்ரீ ஃபயரை 2022 பிப்ரவரியில் தடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் தடுப்பது என்றால் இந்தியாவிலிருந்து அணுக முடியாமல் செய்வது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் போன தகவலை அந்த உத்தரவு தொடுவதில்லை. சொல்லப்போனால், பயனர் உள்ளே போய் அழிக்கும் வழியைத்தான் அது அடைக்கிறது.

நம் வீடுகளில் பெரும்பாலும் பிள்ளைகள் ஆடுவது அம்மாவின் அல்லது அப்பாவின் கைபேசியில். கூகுள் கணக்கும் அவர்களுடையதே. அதனால் அந்த விளையாட்டுக்கு ஆடுவது 9 வயதுப் பிள்ளை என்று தெரியாது; முப்பத்தைந்து வயதுக்காரர் என்றே பதிவாகும். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்று புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு சொல்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இந்தப் பாதுகாப்பு நம் பிள்ளைகளில் பலருக்கு எட்டாமலே போகும். கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி மூலம் பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி, விளையாட்டுகளை அதில் மட்டும் நிறுவுவது நல்லது. குரல் அரட்டையை முதல் நாளே அணைத்துவிடுங்கள். ஃபோர்ட்நைட் நிறுவனமான எபிக் கேம்ஸ் 2022 டிசம்பரில், குழந்தைகள் தனியுரிமைச் சட்டத்தை மீறியதற்காக 27.5 கோடி டாலர் கட்ட அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது. குரல், எழுத்து அரட்டை இரண்டும் தானாகவே திறந்திருக்கும்படி வைத்தது அந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

இன்னொரு வழக்கு நம் அதிகாரிகள் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டியது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுத் தளத்தில் கணக்குத் தொடங்க முயன்று பாதியில் விட்ட குழந்தைகளின் தகவலை மைக்ரோசாஃப்ட் 2015 முதல் 2020 வரை வைத்திருந்தது. 14 நாளில் அழிப்பதுதான் அந்நிறுவனத்தின் சொந்தக் கொள்கை. அழிக்கும் நிரல் வேலை செய்யவில்லை, ஆண்டுக்கணக்கில் அது சரிசெய்யப்படவில்லை. 2023 ஜூனில் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அழிப்போம் என்று கொள்கைப் பக்கத்தில் எழுதியிருப்பதும் அழிந்துவிட்டது என்பதும் வேறு வேறு. வெளியிலிருந்து யாராவது சோதித்துப் பார்க்காதவரை இந்த இடைவெளி தெரியவராது.

ஆகவே தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்திடம் கேட்பது இதுதான். மாநிலத்தில் ஆதார் சரிபார்ப்பு நடத்திய நிறுவனங்களின் பட்டியலை, அவற்றின் குறைதீர் அலுவலர் முகவரியோடு தமிழில் வெளியிடுங்கள். வரிக்கணக்குக்கு வேண்டியதைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு, அட்டைப் படம், செல்ஃபி, இருப்பிடம், ஆட்ட வரலாறு ஆகியவற்றை அழித்ததற்கு, சுதந்திரமான தணிக்கையாளரின் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சான்றிதழ் மாற்றுப் பிரதிகளையும் வெளி நிறுவனங்களையும் உள்ளடக்கியிருக்க வேண்டும்; முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டு பேக்கப்பில் விட்டுவைப்பது வழக்கமாக நடக்கும் கோளாறு. நிறுவனம் கைமாறினால் பயனர் பட்டியல் விற்பனையில் சேரக்கூடாது என்று உத்தரவிடுங்கள்.

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. புதிய தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஒவ்வொரு விளையாட்டும் பிள்ளைக்குக் கணக்குத் தொடங்கும்முன் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்க்க வேண்டும். கவனமில்லாமல் நடத்தினால், ரம்மிக்கு நடந்ததே ஒவ்வொரு குழந்தை விளையாட்டுக்கும் நடக்கும். ஒவ்வொரு வீட்டின் ஆதார் படமும் இன்னும் நூறு சர்வர்களில் குவியும். டிஜிலாக்கர் வழியாகக் கிடைக்கும் அடையாளக் குறியீட்டைக் கொண்டு சரிபார்க்க விதிகளிலேயே இடம் இருக்கிறது. சம்மதம் தருபவர் வயதுவந்தவரா, ஆமா இல்லையா என்ற விடை மட்டும் நிறுவனத்துக்குப் போனால் போதும். ஆவணத்தின் படத்தைக் கேட்கவும் சேமிக்கவும் விளையாட்டு நிறுவனங்களுக்குத் தடை என்று, அந்த விதி நடைமுறைக்கு வரும் முன்பே அமைச்சகம் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலிப் பாதுகாப்புத் துறையில் பணிபுரியும் வாசகர்,
கோயம்புத்தூர்